பந்து போன பிறகு கைக்கு வரும் சேதி

மண்குடம் வாங்கப் போனால் முதலில் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவோம். கணீரென்றால் நல்ல குடம். சத்தம் செத்துக் கேட்டால் எங்கோ கீறல். பூல் என்னும் பில்லியர்ட்ஸ் வகை மேஜைப் பந்தாட்டம் ஆடுகிறவர்கள், புது கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, கையில் எடுத்ததும் செய்வது ஏறக்குறைய இதுதான். நாலு பந்து அடித்துப் பார்த்துவிட்டு "அடி கெட்டியா இருக்கு" என்பார்கள், இல்லையென்றால் "சாஃப்டா இருக்கு" என்பார்கள். ஏன் என்று கேட்டால் விரல் நேராக நடுவில் இருக்கும் ஜாயின்ட்டுக்குப் போகும். ஸ்டீல் என்றால் கெட்டி, மரத்தோடு மரம் சேர்ந்தால் இதம், தந்தம் என்றால் ஒரு பெருமூச்சு.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதி காது கட்டிவிடும் கதை.

முதலில் ஜாயின்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பூல் கியூவின் நீளம் சுமார் 147 செ.மீ., எடை 540 கிராம் வாக்கில். அவ்வளவு நீளக் குச்சியை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால் நடுவில் இரண்டாகக் கழற்றும்படி செய்கிறார்கள். பந்தில் படும் தோல் நுனிதான் டிப், அது இருக்கும் முன்பாகம் ஷாஃப்ட். கையில் பிடிக்கும் பின்பாகத்தின் நுனியில் மரை வெட்டிய ஒரு உலோக முளை நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் 'பின்' என்பார்கள். அதில் ஷாஃப்ட்டைத் திருகிச் சேர்க்க வேண்டும். சேரும் இடத்தைச் சுற்றி வளையம் மாதிரி இருப்பதுதான் காலர். "ஸ்டீல் ஜாயின்ட்", "ஃபீனாலிக் ஜாயின்ட்" என்று பெயர் வருவது இந்தக் காலர் எதனால் ஆனது என்பதை வைத்து. ஃபீனாலிக் என்பது கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்.

பழைய அமெரிக்க பாணி 5/16-14. பின்னின் விட்டம் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. காலர் ஸ்டீல், ஷாஃப்ட்டுக்குள் பித்தளை. ஷாஃப்ட்டின் அடியில் ஒரு சின்ன மூக்கு இருக்கும். அது காலருக்குள் இறங்கி உட்கார்ந்தால் இரண்டு பாகமும் தானாக நேர்க்கோட்டில் வந்துவிடும். 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், புரூக்ளினில் கியூ செய்து பெயர் வாங்கிய ஜார்ஜ் பலபுஷ்காவின் கியூக்களில் பார்ப்பது இந்த ஜாயின்ட்தான். அவர் 1975-இல் இறந்துவிட்டார். அவர் கை பட்ட கியூக்கள் இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம்.

இன்னொரு பாணி 3/8-10. இதில் பின்னின் தடிமன் அதிகம், மரை குறைவு. பல கியூக்களில் ஷாஃப்ட்டின் மரத்திலேயே நேராக மரை வெட்டியிருப்பார்கள். மூக்கு கிடையாது, இரண்டு தட்டையான முகங்கள் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும். மரத்தோடு மரம் என்பது இதைத்தான்.

சரி, பந்தில் டிப் பட்டதும் என்ன நடக்கிறது? தோல் டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். அதாவது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேப்பிள் மரத்தின் நாரோட்டத்தில் அதிர்வு செகண்டுக்குச் சுமார் 4,000 மீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் டிப்பில் கிளம்பிய தள்ளல் 0.2 மில்லிசெகண்டுக்குள் ஜாயின்ட்டைக் கடந்துவிடுகிறது. கியூவின் அடி வரை போய் 0.75 மில்லிசெகண்டுக்குள் டிப்புக்கே திரும்பியும் வந்துவிடுகிறது. பந்து அதுவரை டிப்பை விட்டு அகலவில்லை. அப்படியானால் வழியில் இருக்கும் ஜாயின்ட் அடியை மாற்றத்தானே வேண்டும்?

மாற்ற வேண்டும் என்று நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அதிர்வில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை, அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கி வரும் எண் தீர்மானிக்கிறது. ஸ்டீலுக்கு அந்த எண் மேப்பிளைவிடப் பதினான்கு மடங்கு. கியூவின் பின்பாதி முழுக்க ஸ்டீலாக இருந்தால் ஜாயின்ட்டுக்கு வந்த தள்ளலில் பெரும்பங்கு சுவரில் மோதிய பந்தாகத் திரும்பியிருக்கும். ஆனால் காலரின் நீளம் ஒரே ஓர் அங்குலம். ஒரு மில்லிசெகண்ட் நீடிக்கும் தள்ளல் மரத்துக்குள் நீண்டு கிடப்பதோ நாலு மீட்டர், கியூவையே விழுங்கும் நீளம். ஆற்றின் நடுவே மூங்கில் கழி நட்டால் பெரிய அலை அதைக் கண்டுகொள்ளுமா? இறுக்கமாகத் திருகிய எந்த ஜாயின்ட்டையும் இந்தத் தள்ளல் அப்படித்தான் கடந்துபோகிறது. சக்தி விரயமாகும் முக்கியமான இடம் டிப்பின் தோல்.

ஓரத்தில் அடித்துச் சுழல் கொடுக்கும்போது வெள்ளைப் பந்து குறி வைத்த கோட்டைவிட்டுச் சற்று விலகும். இதையும் ஜாயின்ட்டின் தலையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டு வளைவு மரத்தில் மெதுவாகத்தான் ஓடும். டிப் பந்தைத் தொட்டிருக்கும் அந்த ஒரு மில்லிசெகண்டில் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்குள் இருக்கும் எடைக்கு மட்டும்தான் இதில் பங்கு. ஜாயின்ட் இருப்பது அங்கிருந்து மூன்று சாணுக்கு மேல் தள்ளி. விலகல் குறைய வேண்டுமென்றால் ஷாஃப்ட்டின் நுனியை இலேசாக்க வேண்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆல்சியடோர் அதிவேகக் கேமராவில் அடிகளைப் படம்பிடித்து இதையெல்லாம் பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

அப்புறம் கைக்குத் தெரிகிற வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஒன்று எடை. 21 மி.மீ. விட்டம், ஓர் அங்குல நீளம் உள்ள ஸ்டீல் காலர் ஏறக்குறைய 38 கிராம் வரும். அதே அளவில் ஃபீனாலிக் பிசின் காலர் ஏழு கிராம்கூட வராது. முப்பது கிராம் என்ன பெரிய எடை என்று தோன்றும். கியூவைக் கிடையாக விரலில் நிறுத்தினால் அது நிற்கும் புள்ளி கியூவின் பின்முனையிலிருந்து சுமார் 47 செ.மீ. தள்ளி இருக்கும். ஜாயின்ட் இருப்பது 74 செ.மீ.-இல். அங்கே முப்பது கிராமைக் கூட்டினால் அந்தப் புள்ளி ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. முன்னால் நகரும். பல வருடம் ஆடிய கை இதைத் தவறவிடாது. "ஸ்டீல் கியூ முன்னால இழுக்குது" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது அடியைப் பற்றி அல்ல, சமநிலையைப் பற்றி.

இன்னொன்று, பந்து போன பிறகும் கியூ அதிர்ந்துகொண்டிருப்பது. கரும்பில் கணு இருப்பதுபோல அதிரும் கோலிலும் கணு உண்டு, அசையாமல் நிற்கும் இடம். கியூ வில்லாக வளைந்து அதிரும் எளிய முறையில் இரண்டு கணுக்கள், இரு முனையிலிருந்தும் ஏறக்குறைய கால்பங்கு உள்ளே. இரு முனைகளை விட்டால் அதிகம் துள்ளுவது நடுப்பகுதி, ஜாயின்ட்டும் அங்கேதான். அங்கே கனம் கூடினால் அந்த அதிர்வு மந்தமாகிறது. நீளவாக்கில் சுருங்கி விரியும் அதிர்வில் கதை தலைகீழ். நடுப்பகுதி அசையாது, ஆனால் அழுத்தமும் இழுப்பும் அதிகம் விழுவது அங்கேதான். அங்கே கனம் ஒரு பொருட்டில்லை, இறுக்கம்தான் எல்லாம். முகங்கள் சரியாக அழுந்தாத ஜாயின்ட் என்றால் ஒவ்வொரு சுருக்கத்திலும் உரசிச் சத்தத்தைத் தின்றுவிடும், கீறல் விழுந்த குடம் மாதிரி.

ஸ்நூக்கர்காரர்களின் 'த்ரீ குவார்ட்டர்' கியூவில் ஜாயின்ட் நடுவில் இல்லை, கையை ஒட்டிப் பின்னால் இருக்கிறது. வளைவு அதிர்வின் பின்கணுவுக்கு அது எவ்வளவோ பக்கம். கனமான பித்தளையை அங்கே வைத்தாலும் முன்னால் இருக்கும் நீண்ட மரத்தின் அதிர்வு பெரிதாகக் கலைவதில்லை. (ஸ்நூக்கர் என்றதும் ஊட்டி நினைவு வராமல் இருக்காது. 1875-இல் ஜபல்பூரில் உருவாகி, ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் அது.)

இனி காதுக்கு வருவோம். தோலுக்கு அடியில் அதிர்வை உணர்வதற்கென்றே பாசினியன் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. 250 ஹெர்ட்ஸ் வாக்கில் அவை மிகக் கூர்மை, 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கை ஏறக்குறைய மரத்துப்போகிறது. நீளவாக்கு அதிர்வின் மிகத் தாழ்ந்த சுருதியே கியூவில் 1,300 ஹெர்ட்ஸுக்கு மேல். ஸ்டீலின் 'டிங்', மரத்தின் 'டொக்' என்று நாம் பிரித்தறிவதில் முக்கால்வாசி இந்த உயர்ந்த சுருதிகள்தான். கைக்கு எட்டாத சேதி அது, காது வழியாக வருகிறது. ஆனால் மூளை அதைக் காதின் கணக்கில் எழுதாமல் கையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1998-இல் பின்லாந்தைச் சேர்ந்த வெய்க்கோ யோஸ்மாகி, ரீட்டா ஹாரி இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை இரண்டு உள்ளங்கைகளையும் தேய்க்கச் சொல்லி, அந்தச் சத்தத்தை அவர்களுக்கே ஹெட்ஃபோனில் கேட்க வைத்தார்கள். உயர்ந்த சுருதிகளை மட்டும் கூட்டியதும், தங்கள் தோல் காகிதம்போல வறண்டுவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். தோல் மாறவில்லை, சத்தம்தான் மாறியது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் காதில் பஞ்சை நன்றாக அடைத்துக்கொண்டு இரண்டு கியூக்களை மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். ஸ்டீலின் 'கெட்டித்தனம்' பாதிக்கு மேல் காணாமல் போனது. முன்னால் இழுக்கும் எடை மட்டும் அப்படியே இருந்தது.

இதில் நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து கிளம்பும் தொடு உணர்வு மூளையை எட்டச் சுமார் 20 மில்லிசெகண்ட் ஆகும். மிதமான வேகத்தில் அடித்த பந்து அதற்குள் ஆறேழு செ.மீ. உருண்டிருக்கும். "இந்த ஜாயின்ட்டில் அடி நன்றாக விழுந்தது" என்று நாம் உணரும்போது அடி எப்போதோ முடிந்த கதை. அதற்காக அந்த உணர்வு வீண் என்று நான் சொல்லமாட்டேன். டிப் எங்கே பட்டது, நடுவிலா ஓரத்திலா என்று அடுத்த அடிக்குச் சொல்லிக்கொடுக்கும் சேதி அதில்தான் இருக்கிறது. பழகிய சத்தம் மாறினால் கணிப்பும் கொஞ்ச நாள் தடுமாறும். ஜாயின்ட் மாற்றியவர்கள் இரண்டு வாரம் புலம்புவது இதனால்தான்.

தந்தத்தைப் பற்றி. அதன் அடர்த்தி நீரைப்போல 1.8 மடங்கு வாக்கில், ஃபீனாலிக்குக்குச் சுமார் 1.4, கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் கலந்த ஜி10-க்கு 1.8. எடையில் தந்தத்துக்கும் ஜி10-க்கும் வித்தியாசமே இல்லை. யானையைக் கொன்றுதான் இந்த 'ஃபீல்' வரவேண்டும் என்பதற்கு இயற்பியலில் ஒரு நியாயமும் கிடையாது. அமெரிக்கா 2016-இல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுதாக முடக்கிவிட்டது. பழைய தந்த ஜாயின்ட் கியூவோடு எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகவும் வாய்ப்புண்டு.

இவ்வளவு படித்த பிறகும் எனக்கு ஒரு முறை அடி சறுக்கியது. என் கியூவில் திடீரென்று ஒரு ஓட்டைச் சத்தம், ஒவ்வொரு முறை பந்தை அடிக்கும்போதும் கூடவே ஒரு 'ஸ்ஸ்' எனும் சலசலப்பு. ஜாயின்ட்தான் என்று முடிவு கட்டினேன். முகங்களில் ஒட்டியிருந்த, டிப்பில் பூசும் சாக்பீஸ் தூளைத் துடைத்தேன், மரைக்கு மெழுகு போட்டேன், ஒரு மாதம் மேப்பிளைத் திட்டிக்கொண்டே ஆடினேன். கடைசியில் கியூவைக் கால்பங்கில், கணு இருக்கும் இடத்தில், இரண்டு விரலால் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு வந்தேன். ஜாயின்ட்டில் தட்டியபோது சுத்தமான 'டொக்'. கியூவின் பின்முனைக்கு வந்தபோதுதான் சலசலத்தது. அங்கே மாட்டியிருக்கும் ரப்பர் மூடியான பம்பரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எடைக்காகப் போட்டிருந்த போல்ட் இளகிக் கிடந்தது. ஆலன் கீயால் கால் திருப்பு திருப்பினேன். கணீரென்றது.