குடும்பக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை: அச்சுக்குக் கொடுக்கும் முன்

டிசம்பர் 15-க்கு மேல் மதுரையில் குடும்ப வாழ்த்து அட்டை அடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம், போனில் தட்டிய இரண்டு வரி தமிழ், நாளைக்கே வேண்டும் என்கிற அவசரம், இந்த மூன்றோடுதான் வருகிறார்கள். அட்டை கெட்டுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே இருக்கிறது. மெஷின் சரி செய்யக்கூடிய தவறுகள் மிகக் குறைவு.

முதலில் நாள் கணக்கு. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அதற்குள் டிசைன் முடிந்திருந்தால் நிம்மதி. வெளிநாட்டுக்கும் அனுப்புவதானால் இன்னும் முன்னதாகவே முடிய வேண்டும். ஆயிரம் அட்டை வேண்டுமானால் சிவகாசியில் தகடு செய்து அடிக்கும் ஆப்செட் அச்சு கட்டுபடியாகும். ஆனால் அந்தச் சமயத்தில் அங்கே காலண்டர், டைரி வேலை குவிந்திருக்கும். ஐம்பது, நூறு அட்டைக்கு மதுரையிலேயே டிஜிட்டல் பிரிண்ட் போதும்.

படத்துக்கு வருவோம். 5க்கு 7 அங்குல முகப்பை முழுக்க நிரப்பும் படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1500க்கு 2100 பிக்ஸல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப்பக்கம் 1600 பிக்ஸல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதிலிருந்து குடும்பத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பாதிகூட மிஞ்சாது. போனில் பளிச்சென்று தெரிந்த பாட்டியின் முகம் அட்டையில் பஞ்சுபோல ஆகிவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், மூலப்படம் அப்படியே வந்து சேரும். தெப்பக்குளக் கரையிலோ ஆலய வளாகத்திலோ எடுப்பதாக இருந்தால் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்தை ஒட்டியும் வெளிச்சம் நன்றாக இருக்கும். உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் நிழலை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. ஓரத்தில் நிற்பவருக்கும் சட்டகத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். அட்டை வெட்டும்போது முதலில் போவது அவருடைய தோள்தான்.

தமிழ் எழுத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. போனில் நீங்கள் தட்டுவது யூனிகோட், அதாவது இன்றைய கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை நடக்கிறது. யூனிகோட் வரியைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்து உடையும். ஜோசப் என்ற பெயரில் ஜ-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய்விடும், துணைக்கால் தனியே தொங்கும். ஸ்டெல்லா என்பதில் டகரத்தின் கொம்பு இடம் மாறும். போட்டோஷாப்பில் பாராகிராப் அமைப்பை ‘வேர்ல்டு-ரெடி’ என்று மாற்றினால் இது சரியாகும். முடிந்ததும் எழுத்தை ‘அவுட்லைன்’ ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றித்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மறுபடியும் உடையும். சரிபார்க்கிறவர் வேகமாகப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து, கொம்பு எங்கே, புள்ளி எங்கே என்று பார்க்க வேண்டும். ஒருவரின் பெயர் தப்பாக அச்சாகி வீடு வீடாகப் போவது அவருக்கு எவ்வளவு வருத்தம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பைபிள் வசனம் போடுவதாக இருந்தால் எந்தத் திருச்சபை வழக்கு என்று டிசைனரிடம் சொல்லிவிடுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் கர்த்தர், இரட்சகர் என்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண்டவர், மீட்பர். இணையத்தில் கிடைத்ததை ஒட்டினால் வீட்டில் வாசிக்காத மொழியில் வசனம் வந்து நிற்கும்.

சிவப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் அழகுதான். ஆனால் எழுத்து 10 பாயிண்டுக்குக் கீழே போனால் ண, ணை, னை இவற்றின் சுழிகளில் மை புகுந்து அடைத்துக்கொள்ளும். சிறிய கறுப்பு எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும் போதும். அச்சின் நான்கு நிற மையும் கலந்த கறுப்பு கொடுத்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். நாலு பக்கமும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை படமும் நிறமும் நீள வேண்டும், எழுத்து கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அளவும் தாளும் சேர்த்து யோசிக்க வேண்டியவை. டிஜிட்டல் பிரிண்டில் 13க்கு 19 அங்குலத் தாள் போடும் கடையில், மடித்தால் 5க்கு 7 வரும் அட்டை ஒரு தாளில் இரண்டுதான் நிற்கும். 4க்கு 6 என்றால் நான்கு நிற்கும், அச்சுச் செலவு ஏறக்குறைய பாதி. ஆனால் அப்படி நான்கு வைக்கும்போது மடிப்பு 13 அங்குலப் பக்கத்தோடு ஓடும். தாளின் நார் பெரும்பாலும் 19 அங்குலப் பக்கமாக ஓடுவதால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுந்து, டோனர் என்கிற மைத்தூள் பிளந்து, வெள்ளைக் கோடு தெரியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு என்கிற வழவழப்பான கெட்டித் தாளைக் கையால் மடிக்கவே கூடாது. மடிப்புக் கோட்டை முதலில் அழுத்திப் பதிக்கும் கிரீஸிங் போட்டுத்தான் மடிக்க வேண்டும். லேமினேஷன் வேண்டுமானால் வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள். உட்பக்கமும் போட்டால் பேனா மை ஒட்டாது. கையெழுத்து இல்லாத குடும்ப அட்டை பாதி அட்டைதான். ஒரு பக்க லேமினேஷன் மழைக்கால ஈரத்தில் வளையும். அதனால் கட்டுகளைப் புத்தகத்துக்கு அடியில் அழுத்தி வையுங்கள்.

மொத்தமும் அடிக்கும் முன் ஒரே ஒரு அட்டையை முழுதாக, வெட்டி, மடித்து, கவரில் போட்டுப் பாருங்கள். திரையில் ஒளிர்ந்த சிவப்பு தாளில் கொஞ்சம் மங்கித்தான் வரும். அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மற்றவை.

லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி 1843-இல் அடித்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையின் நடுவிலும் மேசையைச் சுற்றி ஒரு குடும்பம்தான். 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் பென்னி தபால் வந்த பிறகு குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லாமல் பிறந்த யோசனை அது. தபால் கணக்கு இன்றைக்கும் முக்கியம். 20 கிராமுக்கு மேல் போனால் கடிதக் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். மடித்து 5க்கு 7 வரும் 300 ஜிஎஸ்எம் அட்டை மட்டும் பதின்மூன்றரை கிராம். 100 ஜிஎஸ்எம் கவர் ஐந்தரை கிராமுக்குப் பக்கம். ஆக 19. உள்ளே 4க்கு 6 போட்டோ ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட நான்கு கிராம் கூடி எல்லை தாண்டிவிடும். ஸ்டாம்பில் எவ்வளவு குறைகிறதோ அதைப் போல இரண்டு மடங்கை, அட்டையை வாங்குகிற பெரியம்மாவிடம்தான் தபால்காரர் கேட்பார். அடர்சிவப்புக் கவரில் முகவரி எழுதாதீர்கள், வெள்ளை லேபிள் ஒட்டுங்கள். ஆறு இலக்க பின்கோடும், பின்புறம் அனுப்புநர் முகவரியும் இருக்கட்டும். வெளிநாட்டுக்குப் போவதை நவம்பரிலேயே சேர்த்துவிடுங்கள். ஸ்டாம்ப் வாங்கும் முன் போட்டோ, கடிதம் எல்லாம் வைத்து ஒட்டிய ஒரு கவரை அஞ்சலகக் கவுண்டரில் எடை போடச் சொல்லுங்கள். எடை போட்ட பிறகு மற்ற கவர்களில் கூடுதலாக எதையும் வைக்க வேண்டாம்.