அந்த நீல அடையாளம் அடியால் வந்ததா?

டொக்டர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு தாயும் அம்மம்மாவும் எட்டு மாதப் பிள்ளையைக் காய்ச்சலென்று வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடுப்பைக் கழற்றினால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். குறிப்பில் "அடிகாயம்" என்று எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துவிட்டார்கள், அப்புறம் கேட்கவா வேண்டும், பின்னேரத்துக்குள் வாட்டு முழுக்க அதே கதைதான்.

தாயைக் கேட்டோம். "புள்ள ஏணையால விழுந்திட்டு, டொக்டர்" என்றார். அம்மம்மாவைத் தனியாகக் கேட்டால், "புள்ள விழவே இல்ல, பிறக்கக்குள்ளயே இருந்திச்சு." இரண்டு வாய், இரண்டு கதை. எங்களுக்குச் சந்தேகம் கூடிவிட்டது. உண்மையில் அந்தத் தாய் பயத்தில், ஏதாவது ஒரு காரணம் சொல்லாவிட்டால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நினைத்து, நடக்காத ஒன்றைச் சொல்லியிருக்கிறார். குடும்பங்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காப்பாற்றியது கிளினிக் அட்டை. சொப்பிங் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார் அம்மம்மா. பிறந்து சில நாளில் வீட்டுக்குப் போன மிட்வைஃப் அதில் "இடுப்பில் நீல அடையாளம்" என்று எழுதியிருந்தார். தோலின் ஆழத்தில் நிறமிக் கலங்கள் தங்குவதால் வரும் பிறவி அடையாளம் அது, ஆசியப் பிள்ளைகளில் மிகச் சாதாரணம், பெரும்பாலும் சில வருடங்களில் மங்கிவிடும். அடிகாயமென்றால் சில நாட்களில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும், தொட்டால் பிள்ளை அழக்கூடும். இது அப்படியே இருக்கும், அமத்தினாலும் பிள்ளை சிரிக்கும்.

இதுபோல ஏமாற்றுகிறவை வேறும் உண்டு. தோல் தொற்றில் வரும் வட்டப் புண் சிகரெட் சுட்டதுபோலத் தெரியும். இரத்தம் உறையாத நோயுள்ள பிள்ளைக்குத் தவழ்ந்தாலே தோல் கன்றிவிடும். பிறவியிலேயே எலும்பு நொய்ந்த பிள்ளைக்கு உடுப்பு மாற்றும்போதே முறியலாம். இங்கிலாந்தில் 1998 இல் பிறந்த ஒரு குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்ததும் பெற்றோரைச் சந்தேகித்து, பிள்ளையைச் சொந்தக்காரரின் பொறுப்பில் விட்டார்கள். அங்கே இன்னொரு முறிவு வந்த பிறகுதான் எலும்பு நோய் என்று தெரிந்தது. 2008 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அதிகாரிகள் சந்தேகித்ததைப் பிழை என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் குடும்பம் நியாயம் கேட்க வழியே இல்லாமல் போனதைப் பிழை என்றது. எனக்கு இந்தப் பிரிப்பு சரியாகப் படுகிறது.

ஏனென்றால் சந்தேகம் வந்தால் அறிவிக்கத்தான் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது, உண்மையாகவே அடிபடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிழை அறிவிப்பதில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது. "இடுப்பில் நீல நிறம், இவ்வளவு நீளம், வீக்கமில்லை" என்று கண்டதை எழுதியிருந்தால் போதும். "அடிகாயம்" என்று நான் எழுதிய அந்த ஒரு சொல்லைத்தான் பிறகு சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ், நன்னடத்தை அலுவலர், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் என்று எல்லோரும் வாசிப்பார்கள். முதல் தாளில் தீர்ப்பு இருந்தால் பிறகு யார் வந்து என்ன விசாரிப்பது?

குடும்பங்களுக்கு: தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அம்மம்மாவைக் காப்பாற்ற, புருஷனைக் காப்பாற்ற என்று கதை கட்டாதீர்கள், நாளைக்கு அது உங்களுக்கு எதிராகவே வரும். பிறவி அடையாளம் இருந்தால் மிட்வைஃபிடம் சொல்லி அட்டையில் எழுதுவியுங்கள், ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இரத்தம், எக்ஸ்ரே சோதனை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் டொக்டர் கோபிப்பாரென்றால், கோபிக்கட்டும்.

மூன்றாம் நாள் குறிப்பைத் திருத்தி, காய்ச்சலும் விட்டு, துண்டு வெட்டி அனுப்பும்போது அந்தத் தாய் போகாமல் நின்றார். "ஊருக்குள்ள கதை போயிற்று டொக்டர், நாங்க அடிக்கல்ல எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க." வேலைக்கு லீவு எடுக்க, பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க எங்களிடம் படிவம் இருக்கிறது, இதற்கு இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி, கிளினிக் அட்டையோடு சேர்த்து, அதே சொப்பிங் பைக்குள் வைத்தார்.