12 வோல்ட் பேட்டரியில் இஎஸ்பி32: மதியம் நிற்கும், மாதத்தில் காலியாகும்

இஎஸ்பி32 (3.3 வோல்ட்டில் ஓடும் வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் சிப்) வைத்துத் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சர்க்யூட்டுக்குப் பலரும் எடுப்பது யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெயரில்தான் 12. முழுச் சார்ஜில் 12.7 இருக்கும், சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். கணக்கை 14.4-க்கே போடுங்கள்.

இரண்டு ரெசிஸ்டரை வைத்து வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுப்பதை மறந்துவிடுங்கள். 12 வோல்ட்டுக்கு 270 ஓம், 100 ஓம் போட்டால் மல்டிமீட்டர் 3.24 வோல்ட் காட்டும். 20 மில்லிஆம்பியர் இழுத்தாலே 1.8-க்கு விழுந்துவிடும், வைஃபை எழும்போது இஎஸ்பி32 கேட்பதோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். பேட்டரி வோல்ட்டேஜை அளக்க மட்டும் அந்த வழி சரி: 100 கிலோ ஓமும் 22 கிலோ ஓமும் போதும்.

அடுத்து 7805, அதாவது 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் மிச்ச வோல்ட்டேஜை எல்லாம் சூடாக்கித்தான் தீர்க்கும். 14.4-லிருந்து 5-க்கு, 200 மில்லிஆம்பியர் என்றால் 1.9 வாட். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது 150 டிகிரியைத் தாண்டித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இரவில் நன்றாக ஓடி மதியம் நின்றுபோகும் சர்க்யூட்டில் புரோகிராமை நோண்டுவதற்கு முன் 7805-ஐப் பாருங்கள்.

எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (மிச்சத்தைச் சூடாக்காமல், வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டேஜைக் குறைக்கும்) போர்டு இதற்குப் பொருத்தம். 5 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியருக்கு 7805 பேட்டரியிலிருந்து சுமார் 105 மில்லிஆம்பியர் எடுக்கும். இது 50-ஐ ஒட்டி எடுக்கும். லோடைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை வைத்து, போர்டில் வோல்ட்டேஜை மாற்றும் திருகைத் திருப்பி 5.0-க்குக் கொண்டுவந்த பிறகே இஎஸ்பி32-இன் 5 வோல்ட் முனையில் இணையுங்கள். அந்தத் திருகின் உள் தொடர்பு விட்டுப்போனால் உள்ளே வரும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வந்துவிடும். அதனால் எங்கள் தேர்வு, 5 வோல்ட்டுக்கே செய்த நிலையான வகைதான்.

தூக்கப் பயன்முறையை (வேலை இல்லாத நேரத்தில் சிப்பைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிப்பதை) நம்புபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிப் 10 மைக்ரோஆம்பியரில் தூங்கினாலும் கன்வெர்ட்டர் சும்மா இருக்கையிலேயே 5 மில்லிஆம்பியர் தின்னும். ஒரு நாளைக்கு 120 மில்லிஆம்பியர்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் ஒரு மாதத்துக்குள் கதை முடிந்துவிடும். இஎஸ்பி போர்டின் பவர் எல்இடி வேறு தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். அதைப் பெயர்த்தெடுப்பது நல்லது.

ஒற்றை 18650 லித்தியம் செல்லுக்குக் கணக்கே வேறு. அங்கே ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வேண்டாம்: 3.3 வோல்ட் தர அதற்கு ஏறக்குறைய 4.4 உள்ளே வேண்டும், செல்லோ முழுச் சார்ஜிலும் 4.2-தான். எம்இ6211 போன்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டரும், வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள்.

எந்தப் பேட்டரியானாலும் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஷார்ட் ஆனால் மெல்லிய வயர் சிவந்து எரிவதற்குச் சில விநாடிகள் போதும்.