மூன்றாவது வஞ்சிரக் கூடை எது?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப் வரும். கூடைகளை எடுத்த வரிசையிலேயே அடித்திருப்பார்: ‘வஞ்சிரம் சங்கரா வஞ்சிரம் கொடுவா சங்கரா வஞ்சிரம்’. கமா கிடையாது. பின்னாலேயே போன்: “மூணாவது வஞ்சிரம் மட்டும் ராயபுரம் கடைக்குடா, குறிச்சுக்கோ.”

‘வஞ்சிரம்1 சங்கரா1 வஞ்சிரம்2’ என்று எண் விழுந்துவிட்டால் குழப்பமில்லை. பைத்தான் என்னும் நிரல்மொழியில் இதற்குப் பத்து வரிகூட வேண்டாம்.

முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு சொல்லுக்கும் தொடக்கத்திலிருந்து மறுபடி எண்ணிப் பார்ப்பது. ஆறு கூடைக்குச் சரி. 10,000 சொற்கள் என்றால் கிட்டத்தட்ட 5 கோடி ஒப்பீடுகள். கூடைக்குச் சீட்டு எழுதுபவர் அப்படியா செய்கிறார்? நோட்டில் மீனுக்கு ஒரு வரி. கூடை வர வர ஒன்று கூட்டி, அந்த எண்ணையே சீட்டில் போடுகிறார். பைத்தானில் அந்த நோட்டுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். வரியை ‘ஸ்பிளிட்’ செய்து சொற்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் டிக்‌ஷனரியில் உள்ள எண்ணோடு ஒன்று கூட்டி, சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். கடைசியில் ‘ஜாயின்’ செய்து மறுபடி ஒரே வரியாக்குகிறோம்.

இந்த நோட்டை யாரும் பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை. சொல்லை ‘ஹாஷ்’ என்னும் எண்ணாக மாற்றி, அது காட்டும் இடத்துக்கே பைத்தான் நேராகப் போகிறது. பத்து மீன் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் தேட ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரே ஒரு கொடுவாவுக்கு எதற்கு எண் என்றார் மாமா. நியாயம்தான். ஆனால் முதல் கொடுவா வரும்போது இன்னொன்று வருமா என்று நோட்டுக்கு எப்படித் தெரியும்? ஆகவே இரண்டு நடை: முதலில் பைத்தானின் ‘கவுண்டர்’ என்ற எண்ணும் கருவியை வைத்து மொத்தம் எண்ணிக்கொள்ள வேண்டும், அடுத்த நடையில், ஒன்றுக்கு மேல் உள்ளவற்றுக்கு மட்டும் எண்.

அப்புறம் ஒருநாள் கொடுவா இரண்டு வந்தும் இரண்டுக்கும் எண் விழவில்லை. திரையில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. நீளம் கேட்டால் ஒன்று 6, மற்றொன்று 7! கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி முழுதாக ஒரே குறியீடாக இருக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். நமக்கு ஒரே மீன், கணினிக்கு இரண்டு. ‘யூனிகோட்டேட்டா’ தொகுப்பின் ‘நார்மலைஸ்’ கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணினேன், தீர்ந்தது.

பிறகு மாமா திருந்தி கமா போட ஆரம்பித்தார். நான் புத்திசாலித்தனமாக ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் வடிவம் பார்த்துத் தேடும் முறையில் இறங்கி, ‘தொடர்ந்து வரும் எழுத்துகள்’ என்று பொருள்படும் பின்சாய்வுக்கோடு டபிள்யூ பிளஸ் போட்டுச் சொல் பிரித்தேன். வஞ்சிரம் ‘வஞ’, ‘ச’, ‘ரம’ என்று மூன்று துண்டாகியது. பைத்தானின் அந்தக் கணக்கில் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தே இல்லை. வெட்டியது போதும் என்று கமாவை இடைவெளியாக மாற்றி, பழைய ஸ்பிளிட்டுக்கே திரும்பிவிட்டேன்.