உறுப்பு தானத்தில் பணம் தேவைப்படும் இடங்கள்

மலேசியாவில் உறுப்பு தானம் பற்றிய பேச்சு உறுதிமொழியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அரசின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவில் சில நிமிடங்களில் பதிந்துவிடலாம். நல்ல காரியம், பதியுங்கள். ஆனால் அந்தப் பதிவு இன்னொருவர் உடம்பில் வேலை செய்யும் சிறுநீரகமாக மாற, பல பேர் இரவு பகலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு யார் பணம் தருவது என்பதை 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் வரையறுக்கவில்லை. இறந்தவரின் உறுப்பை எடுக்க யார் சம்மதம் வேண்டும் என்பதே அந்தச் சிறிய சட்டத்தின் கவலை.

பினாங்கு மருத்துவமனையின் ஐசியூவில், மூளையில் பெரிய ரத்தக்கசிவோடு ஒருவர் வெண்டிலேட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. இது மூளைச்சாவா என்று சோதிக்க வேண்டும். மயக்க மருந்தோ உடல் குளிர்ச்சியோ காரணமில்லை என்று முதலில் உறுதி செய்வார்கள். பிறகு காதுக்குள் 50 மில்லி ஐஸ் நீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். கடைசிச் சோதனையில் வெண்டிலேட்டரை நிறுத்தி ஆக்சிஜன் மட்டும் கொடுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டும் நெஞ்சு அசையாவிட்டால் மூச்சு இனித் திரும்பாது, மூளைச்சாவு உறுதி. இதைச் செய்யும் இரண்டு நிபுணர்களும் மாற்று அறுவைக் குழுவைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்.

குடும்பத்தாரிடம் பேசுவது அடுத்த வேலை. இறந்தவர் பதிந்திருந்தாலும் வீட்டார் மறுத்தால் நடைமுறையில் தானம் நின்றுவிடும். பயிற்சி பெற்ற உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பலர் அறியாத கடினமான கட்டம் இனிமேல்தான். மூளை இறந்ததும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் பெரும்பாலும் நின்றுபோகும். மணிக்கு 50, 60 மில்லி போன சிறுநீர் 300, 500 என்று கொட்டும். பை கண்ணெதிரே நிரம்பும். ஈடுகட்டாவிட்டால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 155 மில்லிமோலைத் தாண்டிக் கல்லீரல் பாதிக்கப்படும், ரத்த அழுத்தம் விழுந்து சிறுநீரகமும் வீணாகும். அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரஸின் அல்லது வாசோபிரஸின் கொடுத்துச் சரிக்கட்டலாம்தான். ஆனால் மணிக்கொரு முறை அளக்கத் தாதி வேண்டும், நள்ளிரவிலும் திறந்திருக்கும் ஆய்வகம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் அந்தக் கட்டில் வேண்டும். வெளியே இன்னொரு நோயாளி வெண்டிலேட்டருக்குக் காத்திருந்தால், தானத்துக்குத் தகுதியானவரைப் பற்றித் தகவலே போகாமல் வாய்ப்பு நழுவும். பணப் பற்றாக்குறை முதலில் கடிப்பது இங்கேதான்.

எடுத்த உறுப்புக்கும் கெடு உண்டு. பனிக்கட்டிப் பெட்டியில் இதயம் சுமார் 4 மணி நேரம் தாங்கும், கல்லீரல் 12, சிறுநீரகம் 24. கல்லீரல் மாற்று நடக்கும் செலாயாங் மருத்துவமனை பினாங்கிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கல்லீரல் சாலையில் போய்ச் சேரலாம். கோலாலம்பூரின் தேசிய இருதயக் கழகத்துக்குப் போகும் இதயத்துக்கு விமானம் வேண்டும்.

ஸ்பெயினைப் பாருங்கள். அங்கே சட்டம் 1979இலேயே வந்தது. ஆனால் 1989இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு தொடங்கி, மருத்துவமனைதோறும் ஒருங்கிணைப்பாளரை, பெரும்பாலும் ஐசியூ மருத்துவரையே, அமர்த்திய பிறகுதான் மாற்றம் தெரிந்தது. பத்து லட்சம் பேருக்கு 14 என்றிருந்த இறந்தோர் தானம் இன்று 40க்கும் மேல். நம்முடையது ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. அமெரிக்காவும் 2023இல் ஒரு சட்டம் போட்டு, தன் தேசிய உறுப்பு மாற்று வலையமைப்புக்கு இருந்த ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் என்ற நிதி உச்சவரம்பை நீக்கியது.

இங்கே புதுச் சட்டம் எழுதினால், மூளைச்சாவு உறுதியான நேரத்திலிருந்து ஆகும் செலவு குடும்பத்தின் பில்லில் ஏறக்கூடாது என்று அதில் எழுத வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பதவிகள், இரவு ஆய்வகம், விமானச் செலவு மூன்றுக்கும் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும். பொது பட்ஜெட்டில் கரைந்துவிட்டால் அவைதான் முதலில் வெட்டுப்படும்.

மாற்றுக்குப் பிந்திய மருந்தும் அதே ஒதுக்கீட்டில் சேர வேண்டும். உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸைப் பெரும்பாலோர் நாளுக்கு இரண்டு வேளை, புதுச் சிறுநீரகம் இருக்கும்வரை எடுக்க வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடம்பு உறுப்பை நிராகரிக்கும், கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே மருந்தோடு ரத்தப் பரிசோதனைக்கும் காசு வேண்டும். அது தடைபட்டு உறுப்பு போனால், நோயாளி வாரம் மூன்று நாள், தடவைக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 156 டயாலிசிஸ் என்று பழைய இடத்துக்கே வருவார். அந்தச் செலவையும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவோ அறநிலையமோ அரசோதான் ஏற்கும்.