இரண்டு சில்லில் ஓடினாலும் முன் அச்சுக்கு ஓய்வில்லை

ஒன்ராறியோவில் பனி உருகி நிலம் சேறாகும் வசந்த காலம் வந்ததும், முன்பக்கத்தில் சத்தம் போடும் ஏ.ரி.வி. எனப்படும் கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சில்லு வண்டிகள் எங்கள் கராஜுக்கு வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஹாலிபர்ட்டன், பான்குரொஃப்ட் பக்கம் கொட்டேஜ் வாங்கிய எம்மவர்களின் வண்டிகளும் அவற்றுள் உண்டு. அண்மையில் வந்த ஒன்றின் முன் டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சின் விசையை இரு முன் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, திறந்தபோது, ஒயில் இருக்கவேண்டிய இடத்தில் பால் தேநீர் நிறத்தில் ஒரு கலவை நின்றது. பெயரிங்குகள் துருவேறி, பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தின் பற்கள் சில உடைந்து அடியில் கிடந்தன. உரிமையாளர் கேட்டது இதுதான்: "அண்ணை, நான் ஃபோர் வீல் போடுறதே இல்லையே, பிறகு எப்பிடி முன்பக்கம் பழுதாகும்?"

இந்தக் கேள்வியை நான் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன். நான்கு சில்லு இயக்கத்தைப் போடாவிட்டால் முன்பக்கம் சும்மா இருக்கிறது என்பது முற்றிலும் தவறு. முன் சில்லுகள் நிலத்தில் உருளுகின்றன. அந்தச் சில்லுகளுடன், வளைந்துகொடுக்கும் மூட்டுகள் கொண்ட சிவி அச்சுகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வண்டி நகரும் ஒவ்வொரு அடிக்கும் அந்த அச்சுகளும், அவற்றின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளும் சுழன்றுகொண்டே இருக்கின்றன; ஒயில் கசியாமல் தடுக்கும் டிஃபரன்ஷியலின் வெளிவாய்ச் சீல்களும் அவற்றோடு உரசிக்கொண்டே இருக்கின்றன. பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன், யமஹா கிரிஸ்லி போன்ற வண்டிகளில் இணைப்பைத் துண்டிக்கும் பொறிமுறை முன் டிஃபரன்ஷியலுக்குள்ளேயே இருப்பதால், எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் நீள அச்சான புரொப் ஷாஃப்ட்டும், அது சுழற்றும் பினியனும்கூட பின் சில்லுகள் மட்டும் தள்ளும் இரண்டு சில்லு இயக்கத்திலும் ஓய்வதில்லை. நீங்கள் அழுத்தும் சுவிட்ச், சுழல்கின்ற இரண்டு பகுதிகளை இணைக்கிறதா விடுகிறதா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. சுழலும் பாகம் தேயும், அதற்கு ஒயில் வேண்டும். தயவுசெய்து இதை உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

முன் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஒயில் பல மாதிரிகளில் கால் லீட்டரை ஒட்டிய அளவுதான். அவ்வளவு சிறிய அளவுக்குள் சிறிது நீர் புகுந்தாலும் மசகுத்தன்மை போய்விடும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் பெட்டி குளிர்ந்த நீரோடைக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. பெட்டிக்குள் காற்று போய்வர மேலே செல்லும் மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், தேய்ந்த சீலின் ஓரமாக நீர் உறிஞ்சப்படுகிறது. குழாயே கழன்று கிடந்தால் சொல்லவே வேண்டாம். அந்த நீர் குளிர்காலத்தில் உள்ளே உறைந்தபின், பனி தள்ளும் தகட்டைப் பூட்டிக்கொண்டு காலையில் வண்டியை முடுக்குகிறவர்களின் கியர்களுக்கு என்ன நேரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சிவி மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்ததைப் பார்த்தும் வண்டியை ஓட்டாதீர்கள். கிறீஸ் வெளியே தெறித்து மணல் உள்ளே போனபின், திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்கும் நிலைக்கு வெளி மூட்டு வந்துவிட்டால் முழு அச்சையும் மாற்றவேண்டியதுதான். சத்தம் வருமுன் கண்டால், மூட்டைக் கழற்றிக் கழுவி, புதிய கிறீஸும் புதிய ரப்பர் உறையும் போட்டு மீட்கலாம். புரொப் ஷாஃப்ட்டின், மற்றப் பாகத்தில் செருகும் பல்வரி முனைகளையும் மறவாதீர்கள். கிறீஸ் இல்லாமல் துருப்பிடித்த பல்வரியால் வரும் அதிர்வை டிஃபரன்ஷியல் பழுது என்று நினைத்து, நல்ல பெட்டியைக் கழற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் தாமே வேலை செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல், உறுதியான தாங்கிகளில் வைத்துவிட்டே கீழே கையை விடுங்கள். சிவி அச்சின் உள்முனையைச் சிறு வளையம் ஒன்று பிடித்திருக்கும். அச்சின் நடுத்தண்டைப் பிடித்து இழுத்தால் உள் மூட்டு பிரிந்துவரும். மூட்டின் கிண்ணத்தையே பெட்டியின் அருகில் பிடித்து ஒரே வெட்டாக இழுக்கவேண்டும். அச்சைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் அந்த வளையத்தையும் வெளிவாய்ச் சீலையும் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம். கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தையும் அதோடு பொருந்தும் பினியனையும் சோடியாகவே மாற்றவேண்டும். அவற்றின் இடைவெளியை மெல்லிய தகடுகளால் சரிசெய்து, பற்களில் நிறம் தடவி, அவை தொடும் இடத்தைப் பார்த்து உறுதிசெய்யத் தெரியாவிட்டால், பெட்டியைத் திறக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

கையில் கிடைத்த கியர் ஒயிலை ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மின்காந்தச் சுருளும் உருளைகளும் கொண்டு இணையும் பொலாரிஸ் முன் பெட்டிக்கு அந்நிறுவனம் தனித் திரவம் குறிப்பிடுகிறது. தடித்த ஒயிலில் அது ஒழுங்காக இணையாது. நான்கு ரயர்களையும் உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே வைத்திருங்கள்.

பின் சில்லுகள் சேற்றில் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்போது நான்கு சில்லு இயக்கத்தை அழுத்துவதுதான் நான் காணும் மிக மோசமான பழக்கம். அந்த ஒரு நொடியில் முழு விசையும் நின்றிருக்கும் முன் சில்லுகளின் பக்கத்தில் அடித்து, அச்சையோ பற்களையோ உடைத்துவிடும். முடுக்கியை விட்டு, சில்லுகள் நின்றபின் அழுத்துங்கள். நீரோடை கடந்த நாளில் மூச்சுக்குழாயையும் ரப்பர் உறையையும் பார்த்துவிட்டு, ஒயிலில் சிறிது எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை வடித்து நிரப்புங்கள். நீர் புகுந்த வழியைக் கண்டு அடைக்கும்வரை வண்டியைத் தண்ணீருக்குள் இறக்காதீர்கள்.