கேம் திக்குகிறதா? கார்டு மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

"அண்ணா, கேம் ரொம்ப லேக் ஆகுது. சிஸ்டம் பழசாயிடுச்சு, கிராபிக்ஸ் கார்டு மாத்திடலாமா?"

சர்வீஸ் வேலையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர் பாதி முடிவோடுதான் வருகிறார். சிலர் கார்டை வாங்கிக் கையிலேயே கொண்டு வந்துவிடுகிறார்கள். புதுக் கார்டைப் போட்ட பிறகும் அதே திக்கல் இருந்தால், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். மாதக்கணக்கில் சேர்த்த பணம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருடம் முன்பு இதே மெஷினில் இதே கேம் நன்றாக ஓடியிருந்தால், இன்று திக்குவதற்கு "வயசாயிடுச்சு" என்பது பதில் ஆகாது. ப்ராசஸர் வருடத்துக்கு வருடம் தானாக மெதுவாகிக்கொண்டு போகிற பொருள் அல்ல. நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. சூடாக இருக்கலாம், டிஸ்க்காக இருக்கலாம், ரேம், கரண்ட், ஏதாவது சாஃப்ட்வேர், அல்லது அப்டேட் வந்து கேமே கனமாகியிருக்கலாம். அது எது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரையும் தொடக்கூடாது, பர்ஸையும் தொடக்கூடாது.

முதலில் "லேக்" என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். எல்லாரும் மூன்று வேறு நோய்களுக்கு இந்த ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். கேம் ஆரம்பம் முதல் ஒரே சீராக மந்தமாக ஓடுவது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை நொடி உறைந்து மறுபடி ஓடுவது இன்னொன்று. திக்கல் என்று நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது ஆன்லைன் கேமில் வருவது: படம் வழவழவென்று நகரும், ஆனால் எதிரி இருந்த இடத்திலிருந்து தாவித் தாவிப் போவான். அது பெரும்பாலும் இணையத் தொடர்பின் கோளாறு. கம்ப்யூட்டரைக் கழற்றிப் பயனில்லை.

திக்கலைப் பிடிக்க எஃப்பிஎஸ் எண்ணை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு) மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். நடுவில் ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லி செகண்ட் எடுத்தால் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு நிமிடச் சராசரியில் அது காணாமல் போய்விடும். அதனால் ஃப்ரேம் டைம் கோட்டைப் பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம். கேமின் மேலேயே அந்தக் கோட்டைக் காட்டும். கூடவே ப்ராசஸர் சூடு, ப்ராசஸர் வேகம், கிராபிக்ஸ் கார்டின் சூடு, ரேம், வீடியோ மெமரி (கார்டின் சொந்த நினைவகம்) எல்லாவற்றையும் திரையில் வரவழைத்து, அரை மணி நேரம் விளையாடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. சூட்டுப் பிரச்சினை ஐந்து நிமிடத்தில் வெளியே வராது.

ஏனென்றால் பழைய மெஷின்களில் நான் அதிகம் பார்க்கும் காரணம் சூடுதான். ஒரு லேப்டாப் வந்தது, நாலு வருடம் ஓடியது. கேம் தொடங்கிய முதல் பத்து நிமிடம் அருமை, அப்புறம் திடீரென்று பாதி வேகம். கொஞ்ச நேரம் மூடி வைத்தால் மறுபடி பத்து நிமிடம் அருமை. எண்களைத் திரையில் வைத்துப் பார்த்தேன். ப்ராசஸர் 99 டிகிரியைத் தொட்டதும் அதன் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸில் இருந்து 1.2க்கு விழுந்தது. பல இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டியின் பல ரைசன் ப்ராசஸர்களுக்கு 95. அதை நெருங்கினால், கருகாமல் இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, தற்காப்பு.

"நான் வாராவாரம் பிரஷ் போட்டுத் துடைக்கிறேன் அண்ணா" என்றார் அந்தத் தம்பி. உண்மைதான், வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஃபேனைக் கழற்றியதும், ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு தூசிப் படலம். விரலால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுசாக வந்தது. ஃபேன் காற்றை உள்ளிருந்து வெளியே தள்ளுவதால் தூசி தகடுகளின் உள்பக்கத்தில்தான் படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பிரஷ்ஷுக்கும் எட்டாது. படலத்தை எடுத்து, ப்ராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும், காய்ந்து மாவாகிப்போன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்த பிறகு, அதே கேமில் 80 டிகிரியைத் தாண்டவில்லை. பாகம் எதுவும் மாற்றவில்லை. நீங்களே காற்றடிப்பதாக இருந்தால், மெஷினை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

சூடு இல்லாமலே வேகம் விழுந்தால், லேப்டாப் என்றால் நான் அடுத்து சார்ஜரைக் கேட்பேன். பழைய அடாப்டர் கெட்டுப்போய், பின் பொருந்துகிறதே என்று குறைந்த வாட் அடாப்டரைப் போட்டு ஓட்டுபவர்கள் நிறைய பேர். 120 வாட் கேட்கும் மெஷினுக்கு 65 வாட் கொடுத்தால் பேட்டரி சார்ஜ் ஏறும், படம் ஓடும், கேம் மட்டும் மெதுவாகிவிடும். கீழே ஒட்டியிருக்கும் லேபிளையும் அடாப்டர் லேபிளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது டிஸ்க். இதை நான் ரொம்பவும் அழுத்திச் சொல்கிறேன். கேமில் புது ஏரியாவுக்குள் நுழையும்போது மட்டும் உறைகிறது, விண்டோஸ் திறக்கவே பல நிமிடம் ஆகிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பகுதியைத் திறந்து பாருங்கள். உபயோகம் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டு, படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டும் இருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. சுழலும் ஹார்ட் டிஸ்க் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூறு முறை போலத்தான் தேடிப் படிக்கும். எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். அந்த இயல்பான மந்தம் வேறு, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மந்தம் வேறு. பிரித்தறிய கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் உதவும். அதில் ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்கத் தடுமாறும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அந்த வரிகளின் கடைசியில் இருக்கும் எண் பூஜ்யமாக இல்லாமல், நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் கேமை மறந்துவிடுங்கள். அன்றைக்கே போட்டோக்களையும் சர்டிபிகேட்களையும் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள்.

நிலைமை தெரியாமல் "ஃபார்மட் அடிச்சா சரியாகிடும்" என்று விண்டோஸைத் திரும்பப் போட்டு, பாதியில் டிஸ்க் நின்றுபோய் என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஒரு அம்மா குழந்தையின் முதல் வருடப் படங்கள் அதில் இருந்தன என்றார். என்னால் மீட்க முடியவில்லை. ஃபார்மட் என்பது கடைசியில் வர வேண்டிய வேலை.

டெஸ்க்டாப்பில் இன்னொரு சின்ன விஷயம் பலரைப் பாடாய்ப் படுத்துகிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி சில வருடங்களில் தீர்ந்துபோகும். தீர்ந்தால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி தப்பாகும், கூடவே பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்கும் (மெஷின் தொடங்கும்போது பாகங்களின் வேகத்தை வைக்கும் அமைப்பு) கம்பெனியிலிருந்து வந்தபடி மாறிவிடும். 3200 வேகத்தில் ஓடிய ரேம் சத்தமில்லாமல் 2133க்கு இறங்கி நிற்கும். கடிகாரம் தப்பாக இருக்கிறது என்று சொல்பவர் அதையும் கேம் திக்குவதையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகமும் எத்தனை ஸ்லாட் உபயோகத்தில் இருக்கிறது என்பதும் இருக்கும். இரண்டு ரேம் போட்டிருந்தும் ஒன்றுதான் காட்டினால், கழற்றித் துடைத்து அழுத்திப் பொருத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு. அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கேமின் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையவே இல்லை என்றால் ப்ராசஸர் பக்கம்தான் தடை. புதுக் கார்டு வாங்கினாலும் அதே எண்தான் வரும். வீடியோ மெமரி நிரம்பி வழிந்தாலும் திக்கல் வரும். அப்போது டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் ஒட்டும் படம்) தரத்தை ஒரு படி இறக்கினாலே போதும். நிழல், புல் எல்லாவற்றையும் அணைத்துக் கேமை அசிங்கமாக்க வேண்டியதில்லை.

புதுக் கேமில் முதல் முறை போகும் இடங்களில் மட்டும் திக்கி, இரண்டாம் முறை சரளமாகப் போனால் அது ஷேடர் (ஒளி, நிறம் வரைய கார்டுக்குத் தேவைப்படும் சின்ன புரோகிராம்கள்) தயாராகும் திக்கல். கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட்டுக்குப் பிறகும் ஒரு தடவை வரும். உங்கள் மெஷின் மேல் தப்பில்லை.

"கேம் பூஸ்டர்", "டிரைவர் அப்டேட்டர்" என்று வருபவற்றைத் தயவுசெய்து போடாதீர்கள். நான் பார்த்தவரை அவை பின்னணியில் உட்கார்ந்து ரேமைத் தின்றதுதான் மிச்சம். திருட்டு கேமோடு ஒட்டிக்கொண்டு வரும் கிரிப்டோ மைனர் (உங்கள் மெஷினை வைத்து வேறொருவருக்கு டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் புரோகிராம்) இன்னும் மோசம். எதுவும் திறக்காமலே ஃபேன் கத்துகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த மறுநொடி அடங்கிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அதைத் திறந்ததும் ஒளிந்துகொள்ளும்படியே சில மைனர்களை எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் புதுக் கேம் ஒன்று 35க்கும் 60க்கும் இடையே ஊசலாடினால், மெஷினின் உண்மையான எல்லை அதுதான். அப்போதும் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. ரிவாட்யூனரில் 30 என்று பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் சீராக 33 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும், ஃபேனும் சத்தம் குறையும். ஊசலாடும் 50ஐ விட நிலையாக நிற்கும் 30 கண்ணுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று ஒரு ராத்திரி விளையாடிப் பார்த்துவிட்டு, அப்புறம் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.